கயிறு பிடித்தவன் சொல்

சேசு மரி சூசை துணை

இராயபுரம், 1952

அன்புள்ள அடைக்கலமேரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா என்று எழுது.

இங்கே கிடங்கு கட்டுவதற்காகக் குப்பத்தைக் காலி செய்யச் சொல்கிறது சர்க்கார். போவதா, இருப்பதா என்று தினமும் கூட்டம். வலையும் காய்கிறது, வயிறும் காய்கிறது. கரைவலைக் கயிறு பிடிக்கிற ஒவ்வொருவனும் வாய் திறந்து சொன்னால்தான் முடிவாம்! நேற்று குப்பத்துத் தலைவர், நாட்டார் ஏழுமலை, என்னிடம் வந்து நின்றார்.

"நான் பிழைக்க வந்தவன், என்னை விட்டுடுங்க" என்றேன்.

"நீயும் கயிறு புடிக்கிறே இல்ல? இன்னா சொல்றே, சொல்லு!"

எரிச்சலில், "போகவேண்டாம்" என்று கத்திவிட்டேன். மற்றவர்கள் எல்லாம் சொல்லியாயிற்று, நான்தான் கடைசி ஆளாம். போவதில்லை என்று முடிவாகிவிட்டது.

போலீஸ் வந்தால் எல்லோரும் கரையில் உட்கார வேண்டும். பயப்படாதே. மாதா திருநாளுக்கு வரமாட்டேன். போர்வை அனுப்பு, நீ போர்த்துகிறதையே அனுப்பு.

நம்மூரில் என்னை எவனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, மேரி. இவர்கள் கேட்டுத் தொலைத்துவிட்டார்கள். எப்படி விட்டுவிட்டு வருவது?

அவசரத்துடன்,
சவரிமுத்து