கேட்டராக்ட் என்று நான் சொன்ன பொய்

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கூட்டமெல்லாம் கிளம்பிப் போய்விட்டது. இந்தத் தெலுங்கு தேசத்துக் குஷாய்குடாவில் வெயில் கொளுத்துகிறது. உன் ரூம் கூலர் அதே கடகட சத்தத்தோடு ஓடுகிறது. மாற்றிவிடலாம் என்கிறாள் உன் மருமகள் சுமதி, நான்தான் விடவில்லை.

நாலு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே, கண் இமைக்கு ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். தனியாக, ரெண்டு பஸ் மாறிப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டும் வந்திருந்தாய். பார்வையில் கோளாறு இல்லை, தொங்குகிற தோலை எடுத்துவிட்டுத் தைப்பார்கள், அவ்வளவுதான் என்றாய். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"இந்த வயசுல உன்னை யாரும்மா பாக்கப் போறா?"

நீ கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டாய்.

மாதாப்பூர் ஆபீஸில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது, லீவு கேட்கவே பயம். அம்மாவுக்குக் கேட்டராக்ட் என்று மேனேஜரிடம் சொல்லி ஒரு வாரம் வாங்கினேன். காலனியிலும் அதையே சொன்னேன். கேட்டராக்ட் என்றால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்! நம் தமிழ் ஜனம் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கிவிட்டது. என்ன லென்ஸ் வைத்தார்கள், ரெண்டு கண்ணையும் எப்படி ஒரே நாளில் பண்ணினார்கள் என்று ஆளாளுக்குக் கேள்வி. நான் வாசலில் நின்று உளறிக்கொண்டிருந்தேன்.

நீ மூன்று தலையணையில் சாய்ந்து, கண்மேல் ஐஸ் துணியோடு, அத்தனையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். எதிர் பிளாட் வசந்தா அக்கா வந்ததும் துணியை எடுத்தாய். இமை வீங்கிக் கன்றிப்போய், மடிப்பில் கறுப்பு நூல் துருத்திக்கொண்டிருந்தது.

"கேட்டராக்ட் எல்லாம் இல்ல வசந்தா. அழகுக்குத்தான் பண்ணிக்கிட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவள் போனதும் உன்னைப் பிடித்துக் கத்தினேன், மானம் போகிறது என்று. நீ திருப்பிக் கத்துவாய் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னாய்.

"உங்கப்பா போனப்புறம் பாக்கறவங்க எல்லாம் அழுதியா அழுதியானு கேக்கறாங்கடா. நான் அழல. கண்ணு தொங்குது, அவ்வளவுதான். சந்தோஷமா இருந்தாலும் ஒருத்தரும் நம்பறதில்ல. நீயே நம்பறதில்ல."

உண்மைதான். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் நான் முதலில் கேட்டதும் அதைத்தானே, அழுதாயா என்று?

மீதி நாளெல்லாம் எப்படிப் போனது, ஞாபகம் இருக்கிறதா? டிவி பார்க்கக் கூடாது என்றுவிட்டார்கள். உன் சீரியலை நான் பார்த்து உனக்குச் சொன்னேன். மாமியார் முறைக்கிறாள், மூணு பக்கத்திலிருந்தும் காட்டுகிறார்கள், மறுபடி முறைக்கிறாள். சிரித்தால் உனக்குத் தையல் இழுக்கும். "நக்கோடா, நக்கோ" என்று இந்த ஊர் பாஷையில் வேண்டாம் சொல்லி என் கையில் அடித்தாய். அப்படி ஒரு வாரம் நமக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பிறகும் வாய்க்கவில்லை. மனசு அங்கேயேதான் போய்ப் போய் நிற்கிறது, அம்மா.

ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றார் டாக்டர். நீ என் கட்டைவிரலை விடவே இல்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, இடது பக்கம் தூக்கலாக இருக்கிறதே என்று கவலைப்பட்டாய். வீக்கம் வற்ற வற்றச் சரியாகிவிடும் என்றார், அப்படியே சரியானது. மூன்று மாதத்தில் தழும்பு இமை மடிப்புக்குள் போய்விட்டது. காய்கறிக்காரம்மாகூட உன் முகத்தைப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். நான் மட்டும் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அன்று கேட்டதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

பிரேம் போட நான் உன் பழைய போட்டோ ஒன்றைத்தான் எடுத்தேன். சுமதி அதை வாங்கி வைத்துவிட்டு, மொட்டை மாடியில் நீ மிளகாய் காயவைக்கும்போது அவள் எடுத்ததைக் கொடுத்தாள். நேற்று திருச்சியிலிருந்து வந்த சித்தப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"அண்ணி இவ்வளவு சந்தோஷமா இருக்காங்களே. அண்ணன் இருக்கறப்ப எடுத்ததா?"

"இல்ல சித்தப்பா, அப்பா போனப்புறம்தான். அம்மா கண் இமைக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. அழகுக்காக."

வசந்தா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹவ், ஆமா, எவ்வளவு அழகா இருக்காங்க" என்றாள்.

ஆமாம், என் அம்மா அழகு என்றேன். அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன். நீ ஒருத்திதான் கேட்கவில்லை.

இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், அம்மா. உனக்காக வெட்கப்பட மாட்டேன்.

அழகான அம்மாவின் பிள்ளை,
செந்தில்