ஒன்றுமில்லை என்றே சொல்லிப் பழகியவர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கைக்கு இன்று அந்த வரி வரவில்லை. நீயாவது வேளைக்குச் சாப்பிடு.

போனில் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். எங்களோடு இந்த வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் நாளை ஊர் திரும்புகிறார்கள். பக்கத்து சீட்டில் வந்த டீச்சரம்மா இதைக் கொண்டுவந்து தருவார்.

அப்பா இன்னும் கண் திறக்கவில்லை. தலைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். வாயில் குழாய். வலது கால் மட்டும் எப்போதாவது லேசாக அழுந்துகிறது. பிரேக் போடுகிறார் என்று நர்ஸிடம் சொன்னேன். மொழி புரியாத அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்தாள்.

இந்தப் பயணத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது அப்பா ஏன் பொய் சொன்னார் என்று கேட்டாய். நீ படிவத்திலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாய். சர்க்கரை உண்டா, இதயக் கோளாறு உண்டா? “ஒண்ணுமில்லடா, மேல போ” என்றார். பஸ் ஓட்டிய காலமெல்லாம் வருஷா வருஷம் டிப்போ டாக்டருக்கு அவர் சொன்ன பதில் அதுதான். ஒரு வியாதியை ஒத்துக்கொண்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டு ஷெட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே எல்லா டிரைவர்களுக்கும் அது மனப்பாடம். இப்போது பிடுங்க ஸ்டியரிங்கே இல்லை. ஆனாலும் கேள்வி காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன்னை ஏமாற்ற நினைக்கவில்லையடா.

ஓட்டல் படியில் வழுக்கி விழுந்தபோதும் அதே கதைதான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்ல, எல்லாரும் வண்டில ஏறுங்க” என்றார். சாயங்காலத்துக்குள் பேச்சு குழறிவிட்டது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார். அவர் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி அன்றுதான் உனக்கே சொன்னேன். “அம்மா, அதப் பத்தி மூச்சு விடாத. சொன்னா இன்சூரன்ஸ் பைசா தராது” என்று நீ போனில் சொல்லியிருந்தாய். நீ சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் உள்ளே ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். என்னால் முடியவில்லை. பையிலிருந்த அவருடைய இதய மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். உடனே அந்த மாத்திரையை முறிக்கும் மருந்து ஏற்றி, ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இருந்த நோயை மறைத்தீர்கள் என்று இன்சூரன்ஸ்காரர்கள் மறுநாளே கைவிரித்துவிட்டார்கள்.

இன்னொரு ஆபரேஷன் வேண்டுமாம். ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுப் பெண் தினமும் வந்து மரியாதையாகத்தான் பணம் கேட்கிறாள். நம் வீட்டை விற்றாலும் போதாது என்பது எனக்கும் தெரியும். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. சாமி கும்பிடக்கூடக் கை எழவில்லை. உயிரைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். அதனாலேயே அவரைக் காப்பாற்ற வழியில்லாமல் போய்விட்டதோ?

கோபத்தை என் மேல் வைத்துக்கொள், அவர் மேல் வேண்டாம். நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஏதாவது வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை போன் பண்ணு. அவர் காதில் வைக்கிறேன். “அப்பா, உடம்புக்கு என்ன?” என்று கேள். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. அந்தப் பொய்யை இன்னொரு முறை கேட்டால் போதும் எனக்கு.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அம்மா