கொரீன் பெயரில் வந்த கார்வெட்

ஃபென்டன், மிச்சிகன்
மார்ச் 3

அன்புள்ள வெண்டல்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன். நீ டொலீடோவுக்குத் தனியாகக் குடிபோய் ஒரு வருஷமாகப் போகிறது. உன் பெயருக்கு இன்னும் விளம்பரத் தாள்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. குப்பையில் போட்டுவிடுகிறேன்.

நேற்று கார் ஷோரூமிலிருந்து போன். "மேடம், புது கார்வெட்டுக்கு உங்க முறை வந்தாச்சு. எடுத்துக்கிறீங்களா?" என்றார்கள். ராங் நம்பர் என்று வைக்கப் போனேன். பிறகுதான் விளங்கியது. ஓர் ஆளுக்கு ஒரு வண்டிதான் என்பதால் உன் பெயரோடு என் பெயரையும் வரிசையில் போட்டுவைத்திருக்கிறாய். வீட்டை விட்டுப் போன கையோடு, வாடகைக்காக உன் முன்பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறாய். என்னுடையதை மறந்துவிட்டாய்! ஆக, இப்போது வரிசையில் நிற்பது நான். வேண்டாம் என்று சொல்லிவிடவா? ஈஸ்டருக்குள் பதில் வேண்டுமாம்.

சர்ச் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். இளைத்துவிட்டான் என்று சொல்லிவைத்தேன். நிஜமா என்று தெரியாது.

கொரீன்


டொலீடோ, ஒஹாயோ
மார்ச் 8

என் அன்பான கொரீன்,

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

இப்போது வரப்போகிற வண்டிகளிலேயே இதுதான் ராஜா. ஆயிரம் குதிரைக்கு மேல் சக்தி. விலை இரண்டு லட்சம் டாலருக்குப் பக்கம். இதே வேகத்தில் ஓடுகிற இத்தாலிக்காரன் வண்டி வேண்டுமென்றால் நம் வீட்டோடு பக்கத்து வீட்டையும் சேர்த்து விற்க வேண்டும். மஸ்டாங்கில் பந்தயத்துக்கென்றே ஒன்று வருகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது, குதிரையோ குறைவு. ஒரு குதிரைக்கு எத்தனை டாலர் என்று வகுத்துப் பார், கார்வெட் பக்கத்தில் எதுவும் நிற்காது. வரிசையில் இல்லாதவன் போய்க் கேட்டால் பட்டியல் விலைக்கு மேல் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். உனக்கு அசல் விலை. வலிய வரும் சீதேவியைக் காலால் உதைப்பார்களா?

உன் இடத்தை என் பெயருக்கு மாற்ற முடியாதாம், கேட்டுவிட்டேன். நீ கையெழுத்துப் போடு. பணத்துக்கு ஏரிக்கரை வீட்டில் என் பங்கை அண்ணனுக்கு விற்றுவிடுகிறேன். வண்டி நம் கராஜிலேயே நிற்கட்டும். இங்கே எனக்குத் தெருவில்தான் இடம், சாலை முழுக்கப் பனிக்குப் போட்ட உப்பு, வண்டி துருப்பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். உனக்கும் சுகம்தான், பக்கத்து சீட்டில் நன்றாகக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

உன் பதிலுக்குத் தவமிருக்கும்,
வெண்டல்


ஃபென்டன்
மார்ச் 15

அன்புள்ள வெண்டல்,

ஷோரூமுக்குப் போனேன். அந்த மனிதர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா மேடம்?" என்றார்.

"சார் எதுக்கு? வண்டி என் பேர்லதானே இருக்கு?"

"இல்லீங்க... இது கொஞ்சம் முரட்டு வண்டி."

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவ. பின்னாடி அறுபது முரட்டுப் பசங்க. உங்க வண்டி எச்சில் துப்புமா?"

சிரித்துவிட்டார். நீ கேட்கிற மாடல் இன்னும் கடைக்கே வரவில்லை. சாதாரண கார்வெட்டை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். அரை மணி நேரம் ஓட்டினேன்.

வெண்டல், பக்கத்து சீட்டில் காலை நீட்டலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாய்? ஒன்றையாவது என் கையில் கொடுத்தாயா? "கிளட்ச் போயிடும், கொரீன்" என்பாய். பனியில் பஸ் ஓட்டுகிறவளிடம்! கோபத்தில் எழுதவில்லை. வலிக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

நீ குதிரைக்கு எத்தனை டாலர் என்று வகுக்கிறாய். நான் மைலுக்கு எத்தனை என்று வகுத்தேன். உன் பழைய சிவப்பு வண்டி வருஷம் முழுக்கப் போர்வைக்குள் தூங்கியது. நகராத வண்டிக்கு ஆயிரம் குதிரை எதற்கு? சாதாரண மாடல் நீ சொல்வதில் பாதி விலைகூட இல்லை. வரிசையும் கிடையாது.

ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல். உனக்கு வேண்டியது காரா, கராஜா?

கொரீன்


டொலீடோ
மார்ச் 20

கொரீன்,

கராஜ்தான். கார் சாக்கு. முழுச் சாக்கு என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், பாதிச் சாக்கு.

எனக்கு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இங்கே ராத்திரியில் டப்பா சூப்பைச் சூடுபண்ணி நின்றுகொண்டே குடிக்கிறேன். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் குதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வரட்டுமா?

உன் வெண்டல்

பி.கு.: பாதி விலை வண்டியில் குதிரையும் பாதிகூடக் கிடையாது. தெரிந்துகொள்.


ஃபென்டன்
ஏப்ரல் 2

அன்புள்ள வெண்டல்,

வரிசையில் என் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். அடுத்து நின்றவர் போன் செய்து, "மேடம், நீங்க நூறு வயசு நல்லா இருக்கணும்" என்று தழுதழுத்தார். நீ கூட எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை!

சாதாரண மாடலை என் சேமிப்பிலும் கொஞ்சம் கடனிலும் வாங்கிவிட்டேன். நீல நிறம். டிப்போவில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இருக்கிற குதிரைகளே எனக்கு அதிகம்.

திரும்பி வருவதைப் பற்றி. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ போன பிறகு வீடு அமைதியாக இருக்கிறது. அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிறு மதியம் சாப்பிட வா. உனக்குப் பிடித்த மாட்டிறைச்சி ரோஸ்ட் செய்கிறேன். உட்கார்ந்து பேசுவோம்.

கொரீன்


டொலீடோ
ஏப்ரல் 7

என் கொரீன்,

சாப்பாட்டை மேசையில் எடுத்துவைத்துவிட்டு நேற்று எத்தனை நேரம் காத்திருந்தாயோ. மன்னித்துக்கொள். நான் வராமல் இல்லை, வந்தேன். மதியம் வரை பொறுக்க முடியாமல் காலையிலேயே வந்துவிட்டேன். நம் தெருவுக்குள் நான் திரும்பும்போது நீ வண்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் குளிரிலும் கூரையைக் கழற்றிவைத்திருந்தாய். மளிகை வாங்கக் கிளம்பியிருப்பாய் போலிருக்கிறது, பின்னாலேயே வந்தேன். ஏரிக்கரை வளைவில் நானாக இருந்தால் பிரேக்கை மிதித்திருப்பேன். நீ மிதிக்கவில்லை, வண்டி துளி அலையாமல் திரும்பியது. அழகாக ஓட்டுகிறாய். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உன் வண்டியின் கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். அப்படி ஒரு சிரிப்பை நம் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. சாப்பிட வந்திருந்தால், கை கழுவியதும் சாவியைக் கேட்டிருப்பேன். வேண்டாம் என்று எத்தனை தடவை நினைத்தாலும் கேட்டிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். நீயும் கொடுத்திருப்பாய். இனி வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கமாட்டேன்.

சிக்னலில் உனக்கு நேர் பின்னால்தான் நின்றேன். ஹாரனுக்குக் கை போனது. அடித்திருந்தால் நீ ஓரங்கட்டி நிறுத்தியிருப்பாய். அதனால்தான் அடிக்கவில்லை.

வெண்டல்