இடைவேளைக்குப் பிறகு எந்தப் பக்கம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அண்ணனும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. விளையாட்டுப் பக்கத்தில் தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கோச் என்றால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு டீவி முன்னால் வரக்கூடாதா?

இன்று திங்கட்கிழமை. வியாழனுக்குள் உன் கையில் கிடைத்துவிடும் என்று கூரியர் அலுவலகத்தில் சொன்னார்கள். போனிலேயே பேசலாம்தான். ஆனால் போனில் நீ, "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு" என்கிறாய். பக்கத்தில் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் "ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிடுகிறேன். இது சீக்கிரம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நேற்று நீ பேசி முடித்த பிறகு மூன்று முறை உன் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன்.

இங்கே செய்தி என்றால், அண்ணனுக்கு முடி வெட்டக் கூட்டிப்போனேன். சலூன்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே உன் கால்பந்து அணியை அலசினார். "டீச்சர், முப்பது ஆட்டத்துல பத்தொன்பது தோத்தாச்சு. முன்னாடி ரெண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி நிக்கிறாங்க. அவங்களைத் தூக்கச் சொல்லுங்க உங்க பையன்கிட்ட" என்றார். "நான் சொல்லி அவன் பல்லே தேய்ச்சதில்ல" என்றேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வரும் சனிக்கிழமை தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும் என்றால் என்ன அர்த்தம் என்று அண்ணன் கேட்டான். எட்டாம் வகுப்பில் தவறினவனை ஏழாம் வகுப்பில் போய் உட்காரச் சொல்வதுபோல் என்று விளக்கினேன். "பாவம்" என்றான்.

உன் காரின் மேல் யாரோ கறுப்புப் பெயிண்ட் ஊற்றிய படத்தையும் பார்த்தேன். குழந்தையை இரண்டு நாளாகப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று மருமகள் சொன்னாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று ராத்திரி யாரோ ஒரு ஆள் வீட்டு எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டான். "கோச்சோட அம்மாவா? சனிக்கிழமை தோத்தா உம் பையன் வெளியில நடமாட முடியாது, சொல்லி வை" என்றான். "முதல்ல உன் பேரைச் சொல்லு. எந்த வாத்தியார்கிட்ட படிச்சே நீ?" என்று கேட்டேன். வைத்துவிட்டான். நான் மட்டும் ரிசீவரை வைக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உன் அணியில் பின்னால் நின்று தடுக்கிற அந்த உயரமான பையனை, உன் நெட்டையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு எதிரணிக்காரனின் தலையோடு தலை மோதி அவன் விழுந்தான் அல்லவா? அப்போதே பார்த்தேன். எழுந்தவன் கையை விரித்துக்கொண்டு, இருட்டறையில் நடக்கிறவன்போல இரண்டு அடி வைத்தான். நேற்று முன்தினம் மறுபடி அவனை ஆட விட்டாய். இடைவேளை முடிந்து வந்தபோது எல்லோரும் பக்கம் மாற, அவன் மட்டும் முதல் பாதியில் நின்ற பக்கத்துக்கே போனான். கோல்கீப்பர் ஓடி வந்து தோளைப் பிடித்துத் திருப்பி மறுபக்கம் கூட்டிப்போனார். வர்ணனையாளர் சிரித்தார். தோற்கிற அணிக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்று ஏதோ சொன்னார்.

அதனால்தான் அவனுக்கு ஒன்றுமில்லையே என்று நேற்று உன்னிடம் கேட்டேன். "டாக்டர் பாத்துட்டாரும்மா. அவனே ஆடறேன்னு நிக்கிறான். அவன் இல்லாட்டி பின்னாடி நிறுத்த எனக்கு ஆளே இல்ல" என்றாய். அப்புறம், "தலையில அடிபட்டவன்கிட்ட டாக்டர் எப்பவும் அதே அஞ்சு கேள்விதாம்மா கேப்பாரு. போன வாரம் யாரோட ஆடினே, எத்தனை கோல், இன்னைக்கு என்ன கிழமை. உள்ள போறதுக்கு முன்னாடி நானே எல்லாத்தையும் சொல்லிக்குடுத்து அனுப்பிட்டேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன்.

மனப்பாடம் எப்படி இருக்கும் என்று முப்பத்து மூன்று வருடம் பார்த்தவள் நான். ஒரு முறை தேர்வில் நதிகளைப் பற்றிக் கேட்டிருந்தேன். ஒரு பெண் மலைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. கூப்பிட்டு விசாரித்தால், "இதைத்தான் கேப்பீங்கன்னு படிச்சேன் டீச்சர்" என்றாள். அவளுக்கு மதிப்பெண் போனதோடு சரி. உன் நெட்டை சரியாகச் சொன்னது உன் பதில். அவன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அந்த டாக்டருக்குத் தெரியாது.

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடமும் நான் சொன்னதில்லை. அவர் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் படியில் விழுந்தான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். விழுந்தது உண்மைதான். ஆனால் அது சாயங்காலம் நடந்தது. அன்று மதியம் பள்ளியில் வகுப்புகளுக்கு இடையே கால்பந்து இறுதி ஆட்டம். அவன் என் வகுப்பிலேயே படித்தான். பதினோரு வயது. பள்ளிக்குள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாளும் தவறினதில்லை. அவன்தான் கோல்கீப்பர். பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்து, கோட்டுக்கு வெளியே நின்ற என்னிடம் வந்தான். "அம்மா, நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டான்.

எல்லாப் பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சரும் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "டீச்சர்னு சொல்லு. போய் நில்லு" என்றேன். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். இன்னும் பத்து நிமிடம்தான். வேறு கோல்கீப்பர் கிடையாது.

ஜெயித்தோம். அந்தக் கோப்பை ஒரு வருடம் என் வகுப்பு அலமாரி மேல் இருந்தது. அன்று சாயங்காலம் தலை சுற்றிப் படியில் விழுந்தவன் அப்புறம் அந்த வகுப்புக்கு வரவேயில்லை.

அப்போது உனக்கு நான்கு வயது. தலையில் கட்டோடு வந்த அண்ணனைத்தான் உனக்குத் தெரியும். வீட்டிலும் அவன் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். "டீச்சர், எனக்குத் தண்ணி" என்று நீயும் அவனைப்போலச் சொல்லிக் காட்டுவாய். எனக்கு மட்டும்தான் தெரியும், போய் நில் என்று நான் சொன்னதைப் போலவே டீச்சர் என்று சொல்லச் சொன்னதையும் அவன் கேட்டுக்கொண்டான் என்று. நாற்பது வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் சட்டைப் பித்தான் போட அரை மணி ஆகிறது. தெருமுனை வரைக்கும் தனியாக அனுப்ப முடியாது.

நேற்று முன்தினம் அவனும் பக்கத்தில் உட்கார்ந்து டீவி பார்த்தான். நெட்டை தவறான பக்கத்துக்குப் போனபோது எழுந்து நின்றான். "அவனை உக்காரச் சொல்லுங்க டீச்சர்" என்றான். மறுபடி சொன்னான். டீவியை அணைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

நெட்டையை இந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் இறக்காதே. மாற்று ஆளாகப் பெஞ்சில்கூட வைக்காதே, பெஞ்சில் இருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் நீயே போய், நான்தான் பதில் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லிவிடு. அவமானமாகத்தான் இருக்கும். அப்புறம் அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டுச் சொல். அந்த அம்மாளும் டீவியில் பார்த்திருப்பாள். கோச் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று உன்னை நம்பிக்கொண்டிருப்பாள்.

தோற்றால் தோற்றுப்போகட்டும். வேலை போனால் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். உன் அறையை இன்று காலைதான் கூட்டித் துடைத்தேன். என்னைப் பற்றி நீ என்ன நினைப்பதாக இருந்தாலும், வந்து என் முகத்தைப் பார்த்து நினைத்துக்கொள்.

சனிக்கிழமை ஆட்டக்காரர்களின் பெயர்கள் வரும்போது நானும் அண்ணனும் டீவி முன்னால்தான் இருப்போம். அவன் ஒவ்வொரு பெயராகப் படிப்பான். நிதானமாகத்தான் படிப்பான், கடைசிப் பெயர்வரை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. அந்தப் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும்.

உன்
அம்மா