சத்தம் கேட்டால் ஓடுவதா, உட்காருவதா

சாத்தூர்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஜப்பானில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க இருக்கன்குடி ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏன் கன்னம் வற்றிக் கிடக்கிறது என்று கேட்கவே நேரம் சரியாகிவிடுகிறது, பக்கத்தில் அப்பா வேறு. எனக்கு ஒரு குழப்பம் எழில், அதை நிதானமாகச் சொன்னால்தான் உனக்கும் விளங்கும் எனக்கும் விளங்கும். காரியாபட்டி அத்தை மிளகாய் வற்றல் கொடுத்துவிட்டிருக்கிறாள், பொடி இடித்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் அனுப்புகிறேன்.

பங்குனியில் பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்ததும், என்னோடு திரி சொருகும் பாண்டிலட்சுமிக்குக் கால் வெந்ததும், நான் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் பட்ட பாடு தெரியாது. குக்கர் விசில் அடித்தால் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன், எதிர்வீட்டில் தகரக் கதவைச் சாத்தினால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கப் போனபோது ஆரோக்கியம் நர்ஸ் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாத்திரை மட்டும் போதாதுக்கா, ஞாயித்துக்கிழமை படிப்பகத்து மாடியில தியானம் பண்ணுதாக, நானும் போறேன், என்கூட வாங்க என்றாள். அவள் சர்ச்சில் பூசை முடித்துவிட்டு நேரே அங்கே வருகிறவள், அதுவே எனக்கு முதல் குழப்பம்.

அதை நடத்துகிறவர் நல்லசிவம், சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. சுவரில் ஒரு புத்தர் படம், அதுவும் பழைய காலண்டரில் வெட்டியதுதான். சூடம் இல்லை, திருநீறு இல்லை, ஜமுக்காளத்தில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். படத்தைக் காட்டி, இவரிடம் என்ன கேட்கணும் தம்பி என்று நல்லசிவத்திடம் கேட்டேன். ஒண்ணும் கேக்க வேண்டாம்க்கா, மூச்சு வாரதையும் போறதையும் மட்டும் பாருங்க, பயம் வந்தா பயம் வந்திருக்குன்னு பாருங்க, விரட்டாதீக என்றார். ஒன்றும் கேட்காமல் எதற்காக ஒரு படத்துக்கு முன்னால் உட்காருவது? வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா, ஏட்டி இது எந்தச் சாமி, நம்ம ஆத்தாளுக்குப் பிடிக்குமா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் போனேன். முதலில் மூச்சைப் பார்த்தால் வெடிமருந்து நெடிதான் மூக்கில் ஏறியது. போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒருநாள் குக்கர் விசில் அடித்து முடித்த பிறகுதான் நான் ஓடவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். இது வரைக்கும் நல்ல சேதி.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துக் காட்டில் யாரோ புதுச் சரக்கைச் சோதித்துப் பார்க்கச் சாம்பிள் வெடி போட்டார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்களாம், நான் மட்டும் அசையவில்லையாம். ஆரோக்கியம் கட்டிப்பிடித்துக்கொண்டாள், நல்லசிவம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன். தெருமுனை வந்ததும்தான் வேறொரு நினைப்பு வந்து நின்றுவிட்டேன். பங்குனியில் சத்தம் கேட்ட நொடியில் ஓடினேன், அதனால்தான் இருக்கிறேன். பாண்டிலட்சுமி என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தாள், அதற்குள் தீ வந்துவிட்டது. நான் இப்படி அசையாமல் உட்காரப் பழகிவிட்டால் நாளைக்கு அறையில் தீப்பிடிக்கும்போதும் உட்கார்ந்திருப்பேனா? என் பயம் என்னை விட்டுப் போவது நல்லதா கெட்டதா? தீபாவளிச் சீசன் ஆரம்பித்துவிட்டது, வேலைக்கு வாங்க என்று போர்மேன் ரெண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

நல்லசிவத்திடம் கேட்டேன். இங்கன உக்காருங்க, அங்கன ஓடுங்கக்கா என்றார். மனசு என்ன செருப்பா தம்பி, அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு போட்டுக்கிட, என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை, எனக்குத் தெரியலக்கா, நான் மருந்து அறையில உக்காந்தவன் இல்லை என்று சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது பிடித்தது, ஆனால் என் குழப்பம் அப்படியேதான் இருந்தது.

மனசு கேட்காமல் பாண்டிலட்சுமி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளை விட்டுவிட்டு ஓடினேனே என்ற வருத்தமும் உள்ளே இருந்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். யக்கா, என்னை விட்டுட்டா ஓடுனீக? என் கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனது யாரு? நீங்க இழுக்கலைன்னா காலோட போயிருக்குமா என்றாள். அப்படி இழுத்ததாக எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லை எழில், சத்தியமாக இல்லை. பயத்தில் புத்தி கெட்டு ஓடினேன் என்றுதான் இத்தனை நாளாய் நினைத்திருந்தேன். புத்தி கெட்டவள் எப்படி இன்னொருத்தி கையைத் தேடிப் பிடிப்பாள்? அப்போது ஓடியது பயமா, வேறு ஏதாவதா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

நானும் வாரேன், நீங்க உக்காருத இடத்தைப் பாக்கணும் என்று இன்றைக்குப் பாண்டிலட்சுமி என்னோடு வந்தாள். முழங்காலில் தோல் இழுத்துப் பிடிப்பதால் சம்மணம் போட முடியாது, நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கண்ணை மூடியதும் அழ ஆரம்பித்தாள், விக்கி விக்கி முழு நேரமும் அழுதாள். யாரும் அவளை அடக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. நான் மூச்சையே பார்க்கவில்லை, அவள் அழுகையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்குக்கா, அடுத்த வாரமும் வாரேன் என்றாள். நான் அசையாமல் இருந்து பயந்தேன், அவள் அழுதுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறாள். இதில் எது சரி என்று யாரைக் கேட்பது? உங்கள் ஊரில் புத்தர் கோயில் நிறைய இருக்கிறது என்றாயே, முதியோர் இல்லத்தில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர்களில் விவரமான ஒருவரிடம் கேட்டுச் சொல்.

நாளைக்கு வேலைக்குப் போகிறேன். வாசலை ஒட்டின இடம் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், போர்மேன் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உட்காரவும் போவேன், ஆடி வெள்ளிக்குப் போக முடியாததற்கு ஆத்தாளுக்கு மாவிளக்கும் போடுவேன். இது மூன்றும் ஒத்துப்போகுமா என்று தெரியாது.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும் மகளே, நினைத்தது நடக்கணும். குளிர் வரும் முன்னே காலுறை வாங்கிக்கொள். போன வாரம் அங்கே நிலம் ஆடியபோது ஓடாமல் மேசைக்கு அடியில் உட்காரச் சொன்னார்கள் என்றாய், அந்தப் பேச்சை மீறாதே. அங்கே நிலம் ஆடினால் நீ உட்கார், இங்கே சத்தம் கேட்டால் நான் ஓடுகிறேன். தையில் நீ வரும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கணும்.

உன் பிரியமுள்ள அம்மா,
குருவம்மாள்