ஆப்பிளைத் தொடு

ஊர் ஊராகப் போய் வாத்தியார்களுக்கே பாடம் நடத்தும் என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலை. பழையபடி என் சமையலைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார், அதனால் கவலைப்படாதீர்கள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் முதலில் காட்டுவேன் என்று யாரையும் தொடவிடாமல் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை போனில் நான் விஷயத்தைத் தொடங்கியதுமே, "மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டீர்கள். மூன்று நாளாகிறது, உங்கள் அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கடுகு பற்றியது. பள்ளி திறந்த முதல் வாரம் இரண்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாளே, வகுப்பில் பேசும் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல். ஆள் சைஸைப் பார்த்து நீங்கள்தான் அந்தப் பெயரை வைத்தீர்கள். மிரண்டுவிடக் கூடாது என்று அவள் பாடம் படிக்கும் டேபை முதல் படியிலேயே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்தீர்கள்: படத்தைப் பார், ஆப்பிளைத் தொடு, நட்சத்திரம் வாங்கு. இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றீர்கள். அதில் தப்பே இல்லை. பிறகு பயிற்சியாளர் பதவி வந்தது, பெட்டியைக் கட்டினீர்கள், வகுப்பு என் கைக்கு வந்தது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

ஒன்பது மாதமாக அந்தக் குழந்தை ஆப்பிளைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். நூற்றுக்கு நூறு. என் திரையில் அவள் பெயருக்கு நேரே தினமும் பச்சை. முப்பத்தொரு பிள்ளைகளில் சிவப்பாக இருப்பவர்களிடம் ஓடவே நேரம் சரியாக இருந்தது. பச்சையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எனக்கும் இதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

போன வாரம் அவள் டேபில் சார்ஜ் இல்லை. பக்கத்தில் உட்காரும் காது கேட்காத பெண் அன்று வரவில்லை என்பதால் அவளுடையதைக் கொடுத்தேன். அதில் கதை வீடியோக்களுக்குக் கீழே எழுத்து ஓடும், நாம் இருவரும் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து டைப் அடித்தோமே, அது. கடுகு அதை வாய்விட்டுப் படித்தாள். தடுமாறாமல், கடைசி வரி வரை. எங்கே கற்றாய் என்று கேட்டேன். "என்னுது அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும் டீச்சர். அப்புறம் கதைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இவளுதை எட்டிப் பார்ப்பேன்" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "எனக்கு ஆப்பிள் மட்டும்தான்னு நினைச்சேன்" என்றாள். எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. உங்கள் மேலும் வந்தது.

ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கேற்ற பாடம் என்று பேசுகிறீர்கள். அவளுக்கென்று நாம் கொடுத்ததில் அவள் ஒன்றும் கற்கவில்லை. இன்னொருத்திக்குச் செய்ததை எட்டிப் பார்த்துக் கற்றிருக்கிறாள்.

இப்போது வருடக் கடைசி அறிக்கை வந்திருக்கிறது. முதல் படியைத் தாண்டாத மாணவி, அடுத்த வருடம் மெதுவாகக் கற்பவர்களின் தனி அறைக்கு மாற்றவும் என்று. உங்கள் பயிற்சிக்குப் போய்வந்த பாட்டு டீச்சர் சொன்னார், கடுகின் நூற்றுக்கு நூறைத்தான் நீங்கள் படம் போட்டுக் காட்டுகிறீர்களாமே. ஒரே மதிப்பெண்தான். அங்கே உங்களுக்குக் கைதட்டல், இங்கே அவளுக்குத் தனி அறை.

தலைமையாசிரியையிடம், அவளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். "ஏதோ ஒரு பக்கத்தை மனப்பாடம் பண்ணியிருப்பா. சிஸ்டம் பொய் சொல்லாதும்மா" என்றார். நான் எழுதிக் கொடுத்தது செல்லாதாம். பாஸ்வேர்டு உங்கள் பெயரில் இருப்பதால், பூட்டியவரே எழுதிக் கொடுத்தால் பார்க்கலாமாம். அன்று அவள் அம்மாவும் வந்திருந்தார். நட்சத்திரச் சான்றிதழ்கள் அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து மேசையில் அடுக்கி, எல்லாவற்றிலும் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று அரைகுறை வார்த்தைகளில் என்னிடம் கேட்டார்.

எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதவி ஆட்டம் காணும், திரும்ப வகுப்புக்கே அனுப்புவார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று உங்கள் காதுபடவே பேசுவார்கள். பேசட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், ஏழு வயதுக் குழந்தையை எதில் மறைப்பீர்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தனி அறைப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். நான்கு வார்த்தை போதும்: நான் பூட்டினேன், திறக்க மறந்தேன். கீழே ஒரு கையெழுத்து. வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம், நானும் சம்பாதிக்கிறேன். நீங்கள் நல்லவர் என்று நம்பித்தான் பன்னிரண்டு வருடமாக உங்களோடு குடும்பம் நடத்துகிறேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும்,
உங்கள் மனைவி