பதினாலு கத்தியும் ஒரு மீனும்

ஏங்க,

நான் டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். உங்க மீன்பிடிச் சங்கத் தலைவர், தான் பிடிச்ச மீனை முழுசாக் கொடுத்தனுப்பியிருக்காரு. "ஏழு மணிக்கு வர்றேன், சார் கையால முள்ளெடுத்த மீனைத்தான் சாப்பிடுவேன்"னு சொன்னாராம். சங்கத்துல நீங்க அளந்த அளப்பு அப்படி!

சுவத்துல மீன் முள்ளெடுக்கன்னே நீங்க வாங்கின பதினாலு கத்தி தொங்குது. வளையுறது, வளையாதது, பல்லு வெச்சது, கொம்புப் பிடி போட்டது. ஞாயித்துக்கிழமை தவறாம எல்லாத்துக்கும் எண்ணெய் தடவுறீங்க. என் மூட்டு வலிக்கு ஒரு நாள் தடவி விட்டதுண்டா? ஒரு கத்தியிலயும் இதுவரைக்கும் ஒரு செதில்கூட ஒட்டினதில்ல. போன வாரம் கொம்புப் பிடிக் கத்தியில எலுமிச்சம்பழம் நறுக்கிட்டேன்னு மூணு நாள் என்கூடப் பேசல. வீடு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் தலைவர் முன்னாடி உங்க மானம் போக எனக்கு மனசு கேக்கல.

அதனால மீனை நானே முள்ளெடுத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கேன். வறுக்க வேண்டியது உங்க பொறுப்பு. பயப்படாதீங்க, உங்க கத்தி எதையும் தொடல. பிடியில துணி சுத்தின நம்ம சமையல்கட்டுக் கத்தியே போதுமா இருந்துச்சு.

பி.கு: எந்தக் கத்தின்னு கேட்டா கொம்புப் பிடியைக் காட்டுங்க. அதுலதான் எலுமிச்சை வாசனையாவது இருக்கும்.

இன்னொண்ணு: கைகழுவுற தொட்டிகிட்ட ஒரு மூடியில கொஞ்சம் செதில் எடுத்து வெச்சிருக்கேன். அவர் வர்றதுக்கு முன்னாடி முழங்கையில ஒட்டிக்குங்க. கத்தியில ஒட்டாதீங்க. அப்புறம் அதுக்கும் என்கூட மூணு நாள் பேசமாட்டீங்க.